இரும்பாணி அடிக்காத வண்டி

மாரி,

கார்கில் சண்டை முடிந்து, செத்துப்போன சிப்பாய்களின் படங்களைப் பெட்டிக்கடைகளில் எல்லாம் ஒட்டி வைத்திருந்தார்களே, அந்த வருடம். இரண்டாயிரம் பிறக்கப் போகிறது, பிறந்த நிமிடத்தில் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று டீக்கடையில் பேப்பர் வாசித்துச் சொன்னார்கள். தீபாவளி முடிந்தால் நம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகள் கொஞ்ச நாள் பூட்டிக் கிடப்பதுதான் வழக்கம். அந்த வருடம் இரண்டாயிரத்தை வரவேற்க வாணம் வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ ஆர்டர் வந்து, மார்கழியிலும் சீசன் போல லோடு ஏறியது. அந்த மார்கழியில்தான் லாரிக்கு மேல் நின்று ஏழாவது அடுக்குப் பெட்டியை வாங்கி வைக்கும்போது, பிடித்திருந்த கயிறு நழுவி மல்லாக்க விழுந்தேன். வருடத்தை இப்படிச் சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு நடந்ததுதான் காலண்டர். நான் சொல்லச் சொல்ல நம் தெரு அங்கன்வாடி டீச்சர் செல்வி எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் சீராக்கித்தான் எழுதுவேன் என்கிறாள். சீராக்கட்டும், ஆனால் எதையும் விட்டுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

போன வாரம் நீ போனில் சொன்னது எல்லாம் அப்படியே காதில் இருக்கிறது. சென்னையில் கீழ்த்தளமாகப் பார்த்து வீடு பிடித்திருக்கிறாய். வாசற்படி இல்லை. குளிக்கிற அறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கச் சொல்லியிருக்கிறாய். சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா என்று நீயே ஒரு நாற்காலியை இழுத்துப் பார்த்தாயாம். "அம்மாவும் போயிட்டா. அங்கன ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போறீக? தை முடியவும் வந்து கூட்டிட்டு வந்திர்றேன்" என்றாய். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஆனால் நான் வரப்போவதில்லை, மாரி. இதைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், உன் குரலைக் கேட்டு நானும் சரி என்று தலையாட்டிவிடுவேன். அதனால்தான் கடிதம். ஏன் வரவில்லை என்பதையும், ஒன்பது வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு தப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு மூன்று வயதில் அம்மை பார்த்தது. பதினோரு நாள் வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்காமல் கிடந்தாய். பன்னிரண்டாம் நாள் விடியும்போது நான் மாரியம்மன் கோவில் வாசலில் ஈரத்துணியோடு நின்று, "பிள்ளைய விட்டுரு தாயே. என் உடம்புல உசிர் இருக்கிற மட்டும் பங்குனிக்குப் பங்குனி தீச்சட்டி எடுக்கேன்" என்றேன். அவள் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு பதினாறு பங்குனி, ஒன்றுகூடத் தப்பவில்லை. உள்ளங்கையில் வேப்பிலையை விரித்து, அதன்மேல் எரிகிற சட்டியை ஏந்தி, மேலத்தெரு கீழத்தெரு சுற்றிக் கோவிலுக்குப் போவேன். கையில் ஒரு கொப்புளம் வந்ததில்லை. மற்ற நாளெல்லாம் பிறத்தியார் பெட்டியைச் சுமக்கிற லோடுமேன் நான். அந்த ஒரு நாள் எனக்கும் அந்த ஆத்தாளுக்கும் நடுவில் உள்ள விஷயத்தைச் சுமந்தேன். உனக்கு அது திருவிழா. எனக்கு அது வாக்கு.

மதுரை ஆஸ்பத்திரியில் இருந்து மாசிக் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. வாக்கைக் காப்பாற்ற ஒரு மாதம்கூட இல்லை. ஊர் என்னைக் கைவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். குடத்துத் தண்ணீர் தானாக வாசலுக்கு வந்தது. கம்பெனிக்குப் போகிற பெண்கள் போகிற வழியில் குழம்பு வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் பூசாரி வந்து உட்கார்ந்து, "அம்மா மன்னிச்சுக்கிடுவா. இந்த வருசத்துல இருந்து ஒம் மகன் எடுக்கட்டும், பேசி முடிச்சாச்சு" என்றார். என்னைக் கேட்கவில்லை, மாரி. என் வாக்கை என் தலைக்கு மேலேயே பேசி முடித்திருந்தார்கள். "நான் உசிர் இருக்கிற மட்டும்னுதான் வேண்டுனேன் சாமி, கால் இருக்கிற மட்டும்னு சொல்லலையே" என்றேன். அவர் பாவம் என்று பார்த்துவிட்டுத் திருநீறு பூசிப் போனார். இரக்கப்படுகிறவர்களிடம் சண்டையும் போட முடியாது.

அந்தக் கோபத்தைத்தான் உன்மேல் இறக்கினேன். நீ வந்து பாயோரம் உட்கார்ந்து, "நான் எடுக்கேன்ப்பா, நீங்க கவலைப்படாதீக" என்றாய். பத்தொன்பது வயது. ஆசையோடுதான் சொன்னாய். நான், "நான் செத்த பிறகு எடுலே. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன். உன் முகம் போன போக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு அன்றைக்குத் தேவை எனக்குப் பதிலாக எடுக்கிற ஆள் இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள். அதை உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. பெட்டிகளைத் தூக்கியே பழகியவனுக்கு, என்னைத் தூக்கு என்று பெற்ற பிள்ளையிடம் சொல்வது அம்மணமாக நிற்பது போல இருந்தது.

வாய் திறக்க வைத்தவள் எதிர்வீட்டுக் குருவம்மாள். வாறுகாலில் ஓடுகிற சாக்கடைத் தண்ணீர் யார் வாசலில் தேங்குகிறது என்று சண்டை போட்டு, அவளுக்கும் நம் வீட்டுக்கும் ஆறு வருடம் பேச்சு வார்த்தை இல்லை என்பது உனக்கே தெரியும். பேச்சு இல்லாவிட்டால் என்ன, ஆடு இருந்தது அவளுக்கு. ஒரு நாள் காலையில் ஆட்டுக்குத் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டே என் காதில் விழும்படி ஆரம்பித்தாள்: "ஏ மூதி, ஒனக்குக் கால் கட்டியிருக்கா, வாயும் கட்டியிருக்கா? தண்ணி வேணும்னா கத்துற, குழை வேணும்னா கத்துற. ஒனக்கு இருக்கிற புத்தி இந்தத் தெருவுல செல ஆம்பளைகளுக்கு இல்லையே! கூரையப் பாத்துக்கிட்டே கெடந்தா, ஆத்தா எறங்கி வந்து இடுப்புல எடுத்துக்கிட்டுப் போவாளாக்கும்?" உன் அம்மா அடுப்படியில் இருந்து வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினாள். நான்தான், "விடு பேச்சி, ஆட்டுக்குத்தான சொல்றா" என்றேன். ஆனால் அன்று சாயங்காலமே சின்னக்கருப்பனுக்கு ஆள் அனுப்பினேன்.

சின்னக்கருப்பன் மாமாவை உனக்குத் தெரியும். பட்டாசுக் கம்பெனிகளில் ஷெட்டுக்கு ஷெட்டு மேஜை, தட்டு, அலமாரி என்று மரவேலை பார்த்தவன். "மச்சான், கயித்துக்கட்டில்ல வச்சு நாலு பேரு தூக்கிட்டுப் போயிருவோம், இதுக்கா ஆள் அனுப்புன?" என்றான். "உசிரோட என்னையப் பாடையில ஏறச் சொல்றியா மாப்ளே?" என்றேன். நாலு ஆண்கள் தோள் கொடுத்து ஒருவனைத் தெருவில் தூக்கிப் போனால் பார்க்கிறவன் செருப்பைக் கழற்றுவான். அந்தக் கோலத்தில் ஆத்தா முன்னால் போக எனக்கு மனசு ஒப்பவில்லை. தலையைச் சொறிந்தவன், வண்டி செய்கிறேன் என்று எழுந்தான். எங்கேயோ உடைத்துப் போட்ட பழைய தள்ளுவண்டியில் இருந்து நாலு ரப்பர் சக்கரம், நல்ல கனத்தில் ஒரு வேப்பம்பலகை. எட்டே நாளில் வண்டி நின்றது. அவ்வளவு அழகாக இருந்தது. பூசாரிகூட வந்து தள்ளிப் பார்த்துவிட்டு, "சரி, ஒன் வாக்கு, ஒன் பாடு" என்று சொல்லிவிட்டார். பார், வேற்றாளிடம் கேட்க முடிந்தது எனக்கு. உன்னிடம் முடியவில்லை.

பங்குனிப் பொங்கலன்று, சட்டி எடுக்கிற நாள் காலை, நீ வீட்டில் இல்லை. ஊரில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது. நீ முதல் பஸ்ஸில் தாண்டிப் போயிருந்தாய். பையில் இரண்டு சட்டை, அம்மா முந்தியில் முடிந்து வைத்திருந்த கொஞ்சம் ரூபாய். அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என்னை வண்டிமேல் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள். இடுப்பை ஒரு ஈரத்துண்டால் பலகையோடு கட்டினார்கள். கையில் சட்டி வந்ததும், சட்டி எடுக்கிற மற்ற ஏழு பேர் முன்னால் நடக்க, கொட்டுச் சத்தத்தோடு எங்கள் வண்டி கடைசியாக நகர்ந்தது. மேலத்தெரு முழுவதும் ராஜா மாதிரி போனேன். தண்ணீர்த்தொட்டி முக்கில் வண்டி திரும்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம். வலது முன்சக்கரம் தனியாக உருண்டு வாறுகாலில் போய் விழுந்தது. பின்னாலேயே அடிச்சட்டம் பிரிந்தது. பலகை சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். சட்டியை மட்டும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் ஓலைக்கூரை வீடுகள். நம் ஊர்க்காரர்களுக்கு நெருப்பு கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குலவை நின்றது. கொட்டும் நின்றது. அத்தனை பேரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

ஒருத்தி மட்டும் முன்னால் வந்தாள். தோளால் என் முதுகை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினாள். "வேட்டி கருகுது, தெரியலையா ஒமக்கு?" என்று என் தொடையில் விழுந்திருந்த நெருப்புத் துண்டை வெறுங்கையால் தட்டிவிட்டாள். எனக்குத் தெரியவில்லை, அந்தத் தொடைக்குத்தான் ஒன்றும் தெரியாதே. திரும்பிப் பார்த்தால் குருவம்மாள். ஆறு வருடத்துக்குப் பிறகு ஆட்டிடம் இல்லாமல் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கீக? வண்டிதான போச்சு, பலகை முழுசாத்தான இருக்கு? தூக்குங்க" என்றாள். சின்னக்கருப்பன் தயங்கி, "இல்ல, நாலு பேரு தூக்குனா பாடை மாதிரி இருக்கும்னு மச்சான்தான்..." என்று இழுத்தான். "ஏன்வே, பாடையப் பொம்பள தூக்கி எந்த ஊர்ல பாத்திருக்கீரு? நான் ஒரு மூலை பிடிக்கேன். ஏ பேச்சி, அழுதது போதும், அந்த மூலைக்கு வா. ரெண்டு பொம்பள பிடிச்சா அது எப்படிப் பாடையாகும்? ஆத்தாளோட சப்பரம்!" என்றாள். கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. உன் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து இடது பின்மூலையைப் பிடித்தாள். சின்னக்கருப்பன் ஒரு மூலை. கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற தங்கையா சித்தப்பா ஒரு மூலை.

தங்கையா பேசாத ஆள். அன்றைக்கு அவன்தான் அதிகாரி. "அண்ணன ஆளுன்னு நெனைக்காதீக. மருந்துத் தட்டுன்னு நெனைங்க. இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, குலுக்கக் கூடாது. நான் சொல்லும்போது எடுத்து, நான் சொல்லும்போது வைக்கணும்" என்றான். அந்த நாலு பேரும் இருபது முப்பது வருடம் வெடிமருந்துப் பக்கத்தில் வேலை பார்த்தவர்கள். எதை எப்படித் தூக்கினால் அது பொறுத்துக்கொள்ளும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். அப்புறம் கோவில்வரை, கீழத்தெருப் பள்ளத்திலும் மேட்டிலும், என் சட்டியில் இருந்து ஒரு பொறி விழவில்லை. மதுரையில் இருந்து வந்த ஆம்புலன்ஸ்கூட என்னை அப்படிக் கொண்டுவரவில்லை. மூன்று படியும் ஏற்றி ஆத்தா முகத்துக்கு நேராக இறக்கினார்கள். என் முகம் அவளுடைய பாதத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

சட்டியை இறக்கிய பிறகு சின்னக்கருப்பன் கோவில் மரத்தடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "என்னடா மாப்ளே, எப்படிப் பிரிஞ்சது?" என்றேன். "இரும்பாணி அடிக்கல மச்சான்." "ஏன்?" "முப்பது வருசம், உரசிப் பொறி பறந்துரும்னு, ஷெட்டுக்குள்ள ஒரு இரும்பாணி கொண்டு போனாலும் வேலை போயிரும்னு பழகின கை. வீட்டுல வச்சுச் செஞ்சாலும் கை தானா மூங்கில் ஆணியத்தான் எடுத்துச்சு. ஒரு சக்கரம் கழன்ற பிறகுதான் எனக்கே உறைச்சது." நான், "ஏலே, நான் என்ன லட்சுமி வெடியா? உரசுனா வெடிச்சிருவேன்னு பயந்துட்டியா?" என்றேன். அவன் சிரிக்க, தங்கையா சிரிக்க, எனக்கும் அடக்க முடியவில்லை. லாரியில் இருந்து விழுந்த பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். செல்வி, இதை ஒரு எழுத்து குறைக்காமல் எழுது. அன்றைக்குச் சாயங்காலமே ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. காப்புக் கட்டிய எல்லையை மகன் தாண்டினான், அதனால்தான் ஆத்தா வண்டியை முறித்தாள் என்று. அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆணி அடிக்காததால் முறிந்தது என்று செய்தவனே என்னிடம் சொல்லியிருந்தான். ஆனால் என் முன்னாலேயே அந்தப் பேச்சு வந்தபோது நான் மறுக்கவில்லை. கேட்டுக்கொண்டு இருந்தேன். இன்னும் ஒருபடி மேலே போய், மறுநாள் உன் அம்மாவிடம், "ஒன் மகன் செஞ்ச வேலையப் பாத்தியா?" என்று நானே சொன்னேன். நீ சொல்லாமல் போன வயிற்றெரிச்சல். உன்னைப் போக வைத்தது என் வாய் என்று ஒப்புக்கொள்வதைவிட, ஆத்தா கோபித்தாள் என்று சொல்வது லேசாக இருந்தது. அவளையும் பொய்சாட்சிக்கு இழுத்திருக்கிறேன். அந்தப் பேச்சு எப்படியோ சென்னைவரை வந்து உன் காதில் விழுந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு தீபாவளிக்கும் வருகிற பிள்ளை, ஒன்பது வருடத்தில் ஒரு பங்குனிக்குக்கூட ஏன் வரவில்லை? நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. அந்த வண்டி உன்னால் முறியவில்லை. போன செவ்வாய்க்கிழமை கோவில் வாசலில் இருபது பேர் இருக்கும்போது இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்குத்தான் அந்தப் பேச்சே ஞாபகம் இருந்தது. நீ மட்டும் சுமந்திருக்கிறாய்.

அந்தப் பங்குனிக்குப் பிறகு நான் கேட்கப் பழகினேன். கேட்கக் கேட்கத்தான் ஊருக்கும் எப்படிச் செய்வது என்று தெரிந்தது. மறுவருடம் நான் சட்டியோடு ஏற, சின்னக்கருப்பன் கோவில் படியோரம் செங்கல் சரிவு கட்டிக் கொடுத்தான். குருவம்மாள் சண்டைக்குக் காரணமான அதே வாறுகால்மேல் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு, "இனிமே வண்டி போகும், தண்ணியும் போகும், யாரும் மூஞ்சியத் தூக்க வேண்டாம்" என்றாள். தங்கையா என்னைச் சூலக்கரைக்குக் கூட்டிப் போய், கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்து, கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி வாங்கித் தந்தான். நீ சென்னையில் யாருக்காவது உதவி செய்யப் போனால் ஒன்றை மறக்காதே: தூக்குவதற்கு முன்னால் எங்கே போக வேண்டும் என்று கேள். நாற்காலிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்த நீ, அதில் உட்காரப்போகிறவன் எங்கே போக ஆசைப்படுகிறான் என்று கேட்கவில்லை. இது குற்றச்சாட்டு இல்லை. கேட்கத் தெரியாதவனுக்குப் பிறந்த பிள்ளை, வேறு எப்படி இருக்கும்?

ஒத்தையில் கிடக்கிறேன் என்றாயே, அதுவும் சரியில்லை. யார் எந்த வருடம் எதற்காகச் சட்டி எடுத்தார்கள், யாருக்குப் பிறகு யார் முறை என்பதெல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. பூசாரியே வந்து கேட்டுவிட்டுப் போகிறார். வீட்டுக்கு வீடு கலர் டிவி வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த வருடம் சிக்குன்குனியா வந்ததே, அப்போது பார்த்திருக்க வேண்டும் நீ. தெருவே முட்டி மடங்காமல் தவழ்ந்தது. பாயில் இருந்து எப்படி எழும்புவது, தூக்கிவிடுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்று வைத்தியரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார்கள். இருந்த இடத்தில் இருந்தே தெருவை நடத்தினேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள், குருவம்மாள் தவிர. அவளுக்கு அந்தக் காய்ச்சல் முட்டியில் தங்கிவிட்டது. வருடா வருடம் முளைப்பாரி சுமந்தவள், இரண்டு பங்குனியாகக் கோவில் பக்கம் வரவில்லை. மகளைக் கட்டிக் கொடுத்த ஊரும் தூரம். என் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிப் போகிறேன் என்றால், "ஒமக்குக் காலு இல்ல, எனக்கு முட்டி இல்ல, ரெண்டு பேரும் போற வழியில வாறுகாலுக்குள்ள போயிருவோம்" என்கிறாள். வாய் குறையவில்லை. ஆனால் போன பங்குனியில் கொட்டுச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அந்தக் கதவு தெரியும், மாரி. நானும் அதற்குள் இருந்தவன்.

அவளாகக் கேட்கமாட்டாள். அதனால் நானே அவள் வாசலில் போய் உட்கார்ந்து, எங்கே போக ஆசை என்று கேட்டேன். இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள், முளைப்பாரிக்கு எந்தப் பயறு நல்லது என்று பேச ஆரம்பித்தாள். ஆக, வருகிற பங்குனிக்கு அவள் மடியில் முளைப்பாரியோடு, அன்றைக்கு நான் போனது போல, நாலு பேர் தூக்கும் பலகையில் கோவிலுக்குப் போகிறாள். பலகையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்க நான் இங்கே இருந்தாக வேண்டும். இந்த வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லாதே. இந்த வருடம் இல்லை, என்னால் முடிகிற எந்த வருடமும் இல்லை. உன் வீட்டில் வைத்த கம்பி வீண்போகாது. சித்திரையில் பத்து நாள் வந்து பிடித்துக்கொண்டு நிம்மதியாகக் குளித்துவிட்டு வருகிறேன்.

நீ தையில் வராதே. பங்குனியில் வா, காப்புக் கட்டுவதற்கு முதல் நாளே வா. மூன்று மூலைக்கு ஆள் சொல்லிவிட்டேன். செல்வி ஒன்று, அவள் தம்பி ஒன்று, பூசாரி மகன் ஒன்று. நாலாவது மூலையைப் பிடி என்று உன்னிடம் கேட்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்காகக் கேட்டிருக்க வேண்டியதை இப்போது அவளுக்காகக் கேட்கிறேன். அன்றைக்கு என்னைத் தூக்கிய நாலு பேரில் சின்னக்கருப்பன் நெஞ்சுச்சளியில் போனான். தங்கையா தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஷெட் வெடித்ததில் வேலையோடு வேலையாகப் போனான். உன் அம்மா போன ஆவணியில் போனாள். மிச்சம் இருப்பது ஒருத்திதான், குருவம்மாள்.